நாகலிங்கப்பூ இருந்த இடம்

1

மூன்று வருடங்களுக்கு முன் நம் தேவாலயத்தின் இதே பங்கு இதழில் நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பெல்ஜியத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் மதலேன் அம்மாவை ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பதாகவும், சாந்தோமில் நம்மோடு வாழும் அவருடைய மகன் வரைந்து அனுப்பும் பூக்களின் வாசனையை அவருக்குத் தமிழனான நான் எடுத்துச் சொல்வதாகவும் எழுதியிருந்தேன். பலர் பாராட்டினீர்கள். கண்ணீர் வந்ததாக இரண்டு பேர் கடிதமே போட்டிருந்தார்கள். என் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள்.

அந்தக் கட்டுரை வெளியானபோது நான் ஆறு ஞாயிறுகள் போயிருந்தேன். பிறகு ஐந்து ஞாயிறுகள் போனேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இருபத்தொரு மாதங்கள் உயிரோடு இருந்தார். நான் போகவில்லை. ஆனால் போனதாகச் சொன்னேன்.

இந்த ஜனவரியில் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, "அந்தக் கட்டுரைக்கு ஒரு இரண்டாம் பாகம் எழுதுங்களேன் தாஸ்" என்று ஃபாதர் கேட்டார். இதோ எழுதுகிறேன். அவர் கேட்டது இதையல்ல.

2

மதலேன் அம்மாவின் மகன் லூக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பட்டினப்பாக்கம் பக்கம் காலையில் லுங்கியோடு, கழுத்தில் பைனாகுலரோடு நடக்கும் நெட்டையான வெள்ளைக்காரர். பெல்ஜியத்தில் அவர் பெயர் லூக். நம் ஆட்கள் லூக்கா என்று கூப்பிட்டு அவரை நற்செய்தியாளர் ஆக்கிவிட்டார்கள். ஓவியர்களுக்குப் பாதுகாவலர் புனித லூக்காதான் என்று அவர் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் அவரும் மறுக்கவில்லை.

அடையாறு முகத்துவாரத்துப் பறவைகளை வரைய மூன்று மாதத்துக்கென்று வந்தவர். எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு ஏறினார். இருபது வருடங்களாக இறங்கவில்லை. பூவும் பறவையும் தவிர வேறெதையும் அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சுவர் அட்டைகளுக்குக் கொக்கும் நாரையும் போட்டார். ஒரு கல்யாண மண்டபச் சுவர் முழுக்கக் கிளிகள் போட்டார், அடுத்த உரிமையாளர் வெள்ளையடித்துவிட்டார். தி. நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்குப் பதினைந்து வருடங்களாகச் சேலைக் கரை வரைகிறார். "சார், மயில் நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா நல்லா இருக்கும்" என்று அண்ணாச்சி சொல்வதும், "மயிலு எப்டி அண்ணாச்சி சிரிக்கும்?" என்று இவர் சண்டைக்குப் போவதும் வாடிக்கை. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு வருடா வருடம் போகும்போது அண்ணாச்சியின் கடைத் தாளில் எழுதிய ஒரு கடிதம்தான் துணை: 'இவர் எங்கள் கடைக்குப் பூ, பறவை போடுபவர்.' இருபது வருட உத்தியோகத்துக்கு அத்தாட்சி அந்த ஒற்றை வரி.

தமிழை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கலா அக்கா. அதனால் அவர் வாயைத் திறந்தால் இன்னா, கீதுதான். தமிழாசிரியையாக ஓய்வுபெற்ற என் அம்மாவுக்கு அது முதலில் பெரிய வேதனை. இப்போது பழகிவிட்டது.

பிழைப்புக்கு வரைவது இப்படி. தனக்காக வரையும் எண்ணெய் ஓவியங்களுக்கு அவரிடம் வேறு முறை. அவர் ஊர்ப் பழைய ஓவியர்கள் வைத்திருந்த முறை அது. எந்தப் பூவையும் புகைப்படம் பார்த்து வரைய மாட்டார். அது பூக்கும் வாரம் வரைக்கும் காத்திருந்து, எதிரில் வைத்துத்தான் வரைவார். ஒரு பூங்கொத்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இடையில் படத்தில் அங்கங்கே வெற்றிடம் இருக்கும். அதில் பென்சிலால் 'சித்திரை - கொன்றை', 'ஐப்பசி - பவழமல்லி' என்று எழுதிவைத்திருப்பார். பள்ளி நாட்களில் பக்கத்து வீட்டுப் பையன்கள் அதைப் பார்க்க மாடி ஏறுவார்கள். நான் ஏறியதில்லை. எனக்கு அப்போது பூ என்றால் பெண்கள் சமாச்சாரம்.

இன்னொன்றும் உண்டு. எந்தப் பூ எந்த இடத்தில் வர வேண்டும் என்று அவர் தானாக முடிவு செய்ய மாட்டார். மதலேன் அம்மா ஆண்ட்வெர்ப்பில் நாற்பது வருடம் பூக்கடை வைத்திருந்தவர். மகன் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளங்கை அளவில் அட்டை வரைந்து அனுப்புவார். அம்மா பார்த்து, 'சிவப்பைக் கீழே இறக்கு', 'இந்தப் பறவை என்னை ஏன் முறைக்கிறது?' என்று பதில் எழுதுவார். அந்தப் பதில் வராமல் அவர் ஒரு படத்தையும் முடித்ததில்லை. "அம்மா சொல்லணும்" என்பார். மற்ற விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காத ஆள்.

3

நான் பெல்ஜியம் போனபோது எனக்கு அங்கே தெரிந்த ஒரே முகவரி மதலேன் அம்மாவின் பூக்கடைதான். கடைக்கு மேலே இருந்த அறையில் ஆறு வாரம் தங்கினேன்.

அந்த நாட்டில் குடியேறினால் நகர மன்றத்தில் பெயர் எழுதினால் மட்டும் போதாது. நீ நிஜமாகவே அந்த முகவரியில் வாழ்கிறாயா என்று பார்க்க, அந்தப் பகுதிப் போலீஸ்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார். வரும்போது ஆள் இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் வேலை தேடி வெளியே அலைந்த நாட்களில், அவர் வந்துவிடுவாரோ என்று மதலேன் அம்மா மதியச் சாப்பாட்டுக்குக்கூட நகராமல் கடையிலேயே இருந்தார். ஒரு நாள் வந்தேவிட்டார். நான் இல்லை. அந்த அம்மா போலீஸ்காரரை மாடிக்கு அழைத்துப்போய், என் பல் துலக்கும் பிரஷைக் காட்டி, தலையணைக்கடியில் இருந்த ஜெபமாலையைக் காட்டி, "இங்கேதான் வாழ்கிறான், என் மகன் அவன் வீட்டில் வாழ்கிற மாதிரி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

இன்று துறைமுகத்தில் கப்பல் சரக்குக் காகிதம் பார்க்கும் வேலையில் நான் இருப்பதற்கு அந்தக் கையெழுத்து ஆரம்பம். இதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எல்லாம் நன்றாக நினைவிருந்தது.

வயதான பிறகு அவருக்குப் பார்வையின் நடுவில் கறுப்பு விழுந்தது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தெரியும். காதும் போனில் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து வலது காதுக்கு நேராகப் பேசினால் கேட்கும். முதியோர் இல்லத்துக்குப் போனார். ஒரே மகன், அவரும் சாந்தோமில். லூக்கா எனக்குப் போன் செய்தார்.

"தாசு, அட்டைய உன் வீட்டுக்கு அனுப்புறேன். ஞாத்திக்கெழம கொண்டுபோய் அம்மாவாண்ட குடு. கலர நீ சொல்லு. எங்க இன்னா வெக்கணும்னு அது சொல்லும், நீ எனக்குச் சொல்லு."

"அங்கே இருக்கிற நர்ஸ் யாராவது சொல்ல மாட்டாங்களா?"

"அவங்களுக்கு மகிழம்பூ வாசன தெரியுமா? நீ சொல்லு."

நான் பெருமையாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

4

அந்த இல்லத்தில் ஒவ்வோர் அறையிலும் மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் தேதி போட்டு, என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். 'இன்று சூப் முழுவதும் குடித்தார்.' 'நகம் வெட்டிவிட்டேன்.' அடுத்து வரும் உறவினர் படித்துத் தெரிந்துகொள்வதற்காக. ஃபிளெமிஷ்காரர்களுக்கு, அதாவது டச்சு பேசும் அந்தப் பகுதி ஆட்களுக்கு, எதையும் எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராது. மாதம் ஒருமுறை வரும் லூக்காவின் சித்தி மகள் எழுதியிருந்தாள். பிறகு நான் எழுதத் தொடங்கினேன், என் ஓட்டை டச்சில்.

முதல் ஞாயிறே மாட்டிக்கொண்டேன். அட்டையில் செண்பகம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: இதழ் எத்தனை? காம்பு வளையுமா, ஒடியுமா? வாடினால் பழுப்பா கறுப்பா? வாசனை மூக்கின் முன்னாலா, தொண்டையிலா? நாற்பது வருடம் பூ விற்றவரின் கேள்விகள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அபிராமபுரத்தில் நான் டியூஷன் போன வீட்டு வாசலிலேயே ஒரு செண்பக மரம் இருந்தது. அதன் நிழலில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் அதற்கும் எனக்கும் பழக்கம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உனக்குத் தெரியாது, இல்லையா?" என்று சிரித்தார். கிண்டலாகக்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஒன்பதாவது ஞாயிறு மட்டும் நன்றாக அமைந்தது. அன்று பவழமல்லி. அது எனக்குத் தெரிந்த பூ. விடிவதற்குள் உதிர்ந்துவிடும், அம்மா மரத்தடியில் பழைய வேட்டி விரித்துவைப்பாள், கோயிலுக்குக் கொண்டுபோக நாங்கள் பொறுக்குவோம், விரலெல்லாம் ஆரஞ்சாகிவிடும் என்று சொன்னேன். "அப்படியானால் அதற்கு நீளக் காம்பே இல்லையே?" என்றார். எங்கள் ஊரில் பூவைக் காம்போடு யாரும் பறிப்பதில்லை, நாரில் கட்டுவோம், தட்டில் வைப்போம் என்றேன். அவர் என் முழங்காலைத் தட்டி, "இத்தனை வருடமாக அந்த மடையன் உங்கள் பூவையெல்லாம் குவளையில் செருகிக்கொண்டிருக்கிறானே! தட்டில் வைக்கச் சொல்" என்றார். இருவரும் அப்படிச் சிரித்தோம். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அன்று மாலை லூக்காவிடம் சொன்னேன். "தட்டு... கரீட்டு. கரீட்டு தாசு" என்றார். வரைந்துகொண்டிருந்த குவளைப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பித்தளைப் பூத்தட்டில் புதுப் படம் தொடங்கினார்.

பன்னிரண்டாவது ஞாயிறு அலுவலக நண்பர் வீட்டில் தோட்டத்து விருந்து. அந்த இல்லத்துக்கு இரண்டு டிராம் மாற வேண்டும். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மாலையில் லூக்காவின் போன். "இன்னா தாசு, அம்மா இன்னா சொல்லிச்சு?"

போகவில்லை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான், "மீன்கொத்தி கொஞ்சம் இடது பக்கம் பார்த்தா நல்லா இருக்கும்னாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவர் ஏமாறக் கூடாது என்று சொன்னேன் என்று வெகுநாள் என்னையே நம்பவைத்தேன். உண்மையில் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவனுக்கு அந்தப் பேரை விட மனசில்லை.

பிறகு பழகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஓர் அட்டை வரும். முதலில் பிரித்துப் பார்த்து ஏதாவது யோசித்துச் சொன்னேன். பிறகு பிரிக்கவும் இல்லை. அவரே போனில் என்ன பூ என்று சொல்லிவிடுவார், நான் ஒரு கருத்து சொல்வேன். ஒரு ஞாயிறு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "நாகலிங்கம் பாத்துச்சா? மூணு வாரமா வரஞ்சேன், நடுவுல வெச்சிகீறேன்." கையில் சோப்பு நுரை. "பார்த்தாங்க. வேணாங்கறாங்க, ரொம்பப் பெருசா இருக்காம்" என்றேன். "வேணான்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். "சரி. அம்மா சொன்னா சரி."

என் மகள் நிலா வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முதல் சில ஞாயிறுகள் என்னோடு வந்து, எனக்குத் தட்டிய இடத்தில் டச்சு எடுத்துக்கொடுத்தவள் அவள்தான். "இப்போதெல்லாம் அந்த அம்மா விழித்திருக்கிறாரா?" என்று டச்சில் கேட்டாள். அவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறார், அதனால் போவதில்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். நான் ஹோஸைத் திருகினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு தமிழில் பேசுவதை விட்டாள் என்று எழுதினால் கதையாகிவிடும். அதற்கு முன்பே விட்டிருந்தாள்.

5

போன ஜனவரியில் மதலேன் அம்மா இறந்தார். முடிவு நெருங்கிவிட்டது என்று இல்லத்திலிருந்து தகவல் வந்தபோது லூக்காவின் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காக அலுவலகத்தில் கிடந்தது. வாங்கிக்கொண்டு கிளம்ப முடியவில்லை. "நீ போ தாசு. நீ இருந்தா நான் இருந்த மாரி" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு ஐந்து பேர். பிறகு அங்கே வழக்கப்படி காப்பியும் ரொட்டியும். அறையில் எட்டிப் பார்த்த அதே நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்கள் பூக்காரர்தானே? ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிடச் சொல்வார். பூக்காரர் வருவார் என்பார். கடைசிவரைக்கும் சொன்னார்" என்றாள். குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். நான் கையிலிருந்த ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதும் லூக்காவிடம், "அமைதியா போனாங்க, பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே வருடங்களில் என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், ஒரு மாதம் தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து போட்டவர் லூக்கா. காலண்டரில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சின்னப் பறவை வரைந்து வைத்திருக்கிறார். போட்டதா இல்லையா என்று மறந்துவிடக் கூடாதாம். "அவன் இருக்கிறாண்டா, நீ கவலைப்படாதே" என்று அம்மா என்னிடம் சொல்வாள். நானும் கவலைப்படவில்லை.

6

முதல் ஆண்டு நினைவுக்கு நம் கோயிலில் திருப்பலி வைத்திருந்தார் லூக்கா. நானும் லீவில் வந்திருந்தேன். திருப்பலி முடிந்து மண்டபத்தில் காலைச் சாப்பாடு, அங்கே மதலேன் அம்மாவைப் பற்றி நான் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று என் அம்மா ஏற்பாடு செய்துவிட்டாள். "கூட இருந்து பார்த்தவன் நீதானேடா, வேற யார் பேசறது?" என்றாள்.

முந்தின நாள் பிற்பகல் லூக்கா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் நான் அந்த அறைக்குள் போனது இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ.

பித்தளைத் தட்டுப் படம் சன்னலுக்கு எதிரே நின்றது. கொன்றை, செண்பகம், சங்குப்பூ, ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் பவழமல்லி. தட்டு விளிம்பில் மீன்கொத்தி, இடது பக்கம் பார்த்தபடி. நடுவில் மட்டும் ஒரு கையகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது. கத்தியால் சுரண்டிய தடம். அதில் பென்சிலால் 'அம்மா சொல்லணும்' என்று எழுதியிருந்தது.

"அண்ணாச்சி வந்து பாத்தாரு. புதுக் கடைக்கு வேணுமாம். ஒரு பூதானே சார், போட்டு முடிங்கன்னாரு" என்றார் லூக்கா. "நான் முடிக்கல."

மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் கையில் வைத்தார். மேலட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மதலேன் அம்மா அறையில் இருந்த நோட்டு. அம்மாவின் சாமான்களோடு பெட்டியில் போட்டு இல்லத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். போன மே மாதமே வந்துவிட்டதாம். எட்டு மாதமாக அவருக்குத் தெரியும். எட்டு மாதமாக என்னோடு போனில் சாதாரணமாகப் பேசியிருக்கிறார்.

"பதினொண்ணு" என்றார். "எண்ணிப் பாத்தேன். அப்றம் உன் கையெழுத்தே இல்ல. எழுத மறந்துட்டியா?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆமாம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

"நான் போகல லூக்கா."

"கடசி நாளு?"

"லேட்டாத்தான் போனேன்."

அவர் சன்னல் பக்கம் போய் நின்றார். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போவலன்னா போவலன்னு சொல்லியிருக்கலாமே தாசு. வேற யாரயாச்சும் அனுப்பியிருப்பேன். சித்தி பொண்ணு கீது, நர்ஸு கீது. காசு குடுத்தாச்சும் ஒரு ஆள வெச்சிருப்பேன். நீ போறேன்னு நெனச்சிகினுதானே நான் வேற யாரயும் கேக்கல."

மதலேன் அம்மா தனியாகக் கிடந்ததற்குக் காரணம் நான் போகாதது மட்டுமல்ல. போகிறேன் என்று சொல்லி, போகக்கூடிய மற்றவர்களின் வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

"தட்டு?" என்று கேட்டார். "தட்டு அம்மா சொன்னதுதானா?"

"சத்தியமா அவங்க சொன்னதுதான். ஒன்பதாவது ஞாயிறு. அதுல எழுதியிருக்கேன்."

"படிச்சேன். ஆனா நீ எழுதுனத நம்பலாமான்னு தெரியல. அதான் கேட்டேன்." தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. தட்டு அம்மாது."

"நாகலிங்கம் நான் சொன்னது. மறுபடி வரைஞ்சிடுங்க லூக்கா. அதுதான் எப்பவும் பூக்குமே."

"பூக்கும்" என்றார். "எங்க வெக்கணும்னு யாரு சொல்லுவா?"

கீழேயிருந்து என் அம்மா காப்பிக்குக் கூப்பிட்டாள். "டீச்சரம்மாவாண்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நாளைக்கு இன்னா பேசுறியோ உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் இறங்கினார்.

7

மறுநாள் நான் என்ன பேசினேன் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். முதல் வரிசையில் அம்மா பச்சைப் பட்டுச் சேலையில், லூக்கா வரைந்த கிளிக்கரைச் சேலையில், உட்கார்ந்திருந்தாள். பக்கத்து டீச்சரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் மைக்கைப் பிடித்தேன். "ஞாயிற்றுக்கிழமை தோறும் அவங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு எனக்காகக் காத்திருப்பாங்க" என்றேன். அது உண்மைதான், பாருங்கள். அடுத்த வரியில், "நான் உள்ளே போனதும் பூ வாசனை வருதுன்னு சொல்லுவாங்க" என்றேன்.

கை தட்டினார்கள். கலா அக்கா அழுதுவிட்டார். சாப்பாட்டு வரிசையில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அநாதையா போவாம கூடவே இருந்தியே நைனா. நீ நல்லா இருப்ப" என்றார். லூக்கா இட்லித் தட்டோடு கொஞ்சம் தள்ளி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெல்ஜியத்துக்குக் கிளம்பும்போது லூக்கா அந்த நோட்டை என் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தார். துண்டுச் சீட்டு எதுவும் இல்லை.

8

இன்று ஞாயிறு. ஆண்ட்வெர்ப்பில் மழை. சாப்பாட்டு மேசையில் அந்த நோட்டையும், அலமாரியின் அடித்தட்டில் ஷூ பெட்டியில் கிடந்த அட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று. அடக்கத்தன்று மதலேன் அம்மாவின் சவப்பெட்டிக்குள் இவற்றை வைத்திருக்கலாம். யாராவது, இது ஏன் உன்னிடம் இருக்கிறது என்று கேட்பார்களே என்று வைக்கவில்லை.

உறைகளின் மேல் தபால் முத்திரைத் தேதி இருக்கிறது. அதை வைத்து எந்த ஞாயிறு என்று கண்டுபிடித்து, நோட்டின் கடைசியில் மிஞ்சிய வெற்றுப் பக்கங்களில் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். டச்சில்தான். அது அவருடைய நோட்டு.

'ஞாயிறு. மீன்கொத்தி. வரவில்லை. நண்பர் வீட்டில் விருந்து.'

'ஞாயிறு. சங்குப்பூ. வரவில்லை. டிவி பார்த்தேன்.'

'ஞாயிறு. கொன்றை. வரவில்லை. என்ன செய்தேன் என்று நினைவில்லை.'

நினைவில்லை என்று எழுத வேண்டிய ஞாயிறுகள்தான் அதிகம். பெரிய தடங்கல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நிலா ஃபிரிட்ஜைத் திறக்க வந்தவள் நின்று பார்த்தாள். "நான் போகல நிலா. அவங்க தூங்கிக்கிட்டிருக்கல, நான்தான் போகல" என்றேன் தமிழில். "தெரியும்" என்றாள் டச்சில். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பால் எடுத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். போகவில்லை.

ஃபாதர், இதை வெட்டாமல் போடுங்கள். அம்மா படிப்பாள். அவளுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, லூக்கா போட்ட சொட்டு மருந்தால். சுவரில் இருக்கும் அந்த உறைக்குள் எந்தப் பக்கத்தை வைப்பது என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும். கலா அக்காவுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஓர் உறை மிஞ்சியது. வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். நாகலிங்கம். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பழக்கத்தி வைத்துக் கிழித்தேன்.

உள்ளங்கை அகலத்தில் அந்தப் பூ. பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாங்கள் காலால் எத்தி விளையாடிய பூ. உள்ளே குடை பிடித்த நாகமும், அடியில் சின்ன லிங்கமும், ஒவ்வொரு மகரந்த முடியும் தனித்தனியாக. மூன்று வாரம் ஆகியிருக்கும்தான். திருப்பினேன். பின்பக்கம், பார்வை மங்கியவருக்கும் தெரிய வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில், ஒரே ஒரு வரி: 'அம்மா, இது இருக்கட்டுமா?'

நோட்டை இழுத்து எழுதினேன்.

'ஞாயிறு. நாகலிங்கப்பூ. வரவில்லை. கார் கழுவினேன். உங்கள் மகன் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். நான் பதில் சொல்லிவிட்டேன்.'